எந்த மில்லுன்னு கேளுங்க

பிஸ்கட், கேக் செய்யற ஒரு கம்பெனியில நான் பர்ச்சேஸ்ல இருக்கேன். எண்ணெய், ஷார்ட்னிங் (பிஸ்கட்டுக்குப் போடற கெட்டிக் கொழுப்பு), எமல்சிஃபையர் (எண்ணெயும் தண்ணியும் பிரியாம சேத்து வெக்கறது) இதெல்லாம் என் பொறுப்பு. சில வருஷம் முன்னாடி ஒரு பெரிய கஸ்டமர்கிட்டேர்ந்து நீளமா ஒரு கேள்வித்தாள் வந்துச்சு, அதுல ஒரு கேள்வி, நீங்க வாங்குற பாமாயில் காட்டையும் ஆளுங்களையும் கெடுக்காம எடுத்ததுதானா, சான்று இருக்கான்னு. பக்கத்துல ரெண்டு கட்டம், ஆமா, இல்ல. எங்க சப்ளையர் குடுத்த ஆர்எஸ்பிஓ (பாமாயிலுக்கு இந்த மாதிரி சான்று விதி வெக்கற உலக அமைப்பு) சர்டிஃபிகேட் ஃபைல்ல இருந்துச்சு, அதை எடுத்து சேத்து ஆமான்னு டிக் போட்டு அனுப்பிட்டேன், மொத்தமா அஞ்சு நிமிஷ வேலை.

ரெண்டு நாள் கழிச்சு வேற எதுக்கோ அந்த சர்டிஃபிகேட்டை திறந்து முழுசா படிச்சேன். அதுல எங்க எண்ணெயைப் பத்தி ஒரு வரி கூட இல்ல. இந்த கம்பெனி சான்று பெற்ற பாமாயிலை வாங்கி விக்க தகுதியானது, இவ்வளவுதான் அது சொல்லுது. எங்களுக்கு வந்த சரக்கு சான்று பெற்ற சரக்கா இல்லையாங்கறது இன்வாய்ஸ்ல இருக்கணும், எந்த முறையில சான்று பெற்றது, சர்டிஃபிகேட் நம்பர் என்னன்னு ஒவ்வொரு டெலிவரிக்கும் எழுதி வரணும். நான் பழைய இன்வாய்ஸ் எல்லாத்தையும் எடுத்துப் பாத்தேன், ஒண்ணுல கூட இல்ல. அதாவது நாங்க வாங்கிட்டு இருந்தது சாதாரண பாமாயில், நான் அனுப்புனது பொய். தெரிஞ்சு சொல்லல, ஆனா படிக்காம சொன்னேன். மறுநாள் கஸ்டமருக்கு ஃபோன் பண்ணி பதிலை மாத்தணும்னு கேட்டேன், அவங்க ரொம்ப மரியாதையா சரிங்கன்னு சொன்னாங்க, எனக்குத்தான் ரொம்ப நாளைக்கு மனசு ஆறல.

அதுக்கப்புறம் கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதறேன், இதே வேலையில இருக்கறவங்க யாராச்சும் படிச்சா உபயோகமா இருக்கும்.

முதல்ல எல்லாரும் சொல்றது, பாமாயிலையே விட்டுடலாமேன்னு. நானும் அப்படித்தான் நெனச்சேன், ஆனா கணக்கு போட்டுப் பாத்தா அது சரிப்படல. ஒரு ஹெக்டேர் செம்பனையிலேர்ந்து (மலேசியத் தமிழர்கள் பாமாயில் மரத்துக்கு வெச்ச பேரு இது, எனக்கு ரொம்பப் பிடிக்கும்) வருஷத்துக்கு மூணுலேர்ந்து நாலு டன் எண்ணெய் வரும், அதே ஒரு ஹெக்டேர் சோயாவுல அரை டன் வர்றதே கஷ்டம், சூரியகாந்தி, கடுகு வகைன்னு போனாலும் முக்கால் டன் பக்கம்தான். இயற்கைப் பாதுகாப்புக்கான உலக அமைப்பு ஐயூசிஎன் 2018ல ஒரு அறிக்கை போட்டாங்க, பாமாயிலுக்குப் பதிலா வேற எண்ணெய்க்கு மாறுனா ஒன்பது மடங்கு வரைக்கும் நிலம் தேவைப்படும்னு அதுல இருக்கு. அதே அறிக்கையில அழியற ஆபத்துல இருக்கற 193 உயிரினங்களை செம்பனை விவசாயம் பாதிக்குதுன்னும் இருக்கு, ரெண்டையும் சேத்துத்தான் படிக்கணும், ஒண்ணை மட்டும் எடுத்துப் பேசறவங்க ரெண்டு பக்கமும் இருக்காங்க. நாம மாறிட்டா செம்பனை விளையற எடத்துல காடு தப்பிக்கும், ஆனா வேற எங்கயோ இன்னொரு காட்டுலயோ புல்வெளியிலயோ டிராக்டர் இறங்கும், சோயாவால தென் அமெரிக்காவுல என்ன ஆச்சுன்னு தெரிஞ்சவங்களுக்கு இது புரியும்.

அதோட எங்க தொழில்ல பாமாயிலுக்கு வேற ஒரு வேலையும் இருக்கு. ரூம் டெம்பரேச்சர்ல பாதி கெட்டியா நிக்கற எண்ணெய் அது, கெட்டியாக்கறதுக்கு ஹைட்ரஜன் ஏத்த வேண்டியதில்ல. அப்படி ஏத்தறப்ப உண்டாகற டிரான்ஸ் ஃபேட் கெடுதல்னு தெரிஞ்சு உலகம் பூரா வனஸ்பதி மாதிரி கொழுப்பையெல்லாம் ஒதுக்க ஆரம்பிச்சப்ப, அந்த இடத்துக்கு பாமாயில் வந்துச்சு. (அதுல நிறைவுற்ற கொழுப்பு கிட்டத்தட்ட பாதி, அதனால நிறைய சாப்பிடறதுக்கானது இல்ல, அது தனி விஷயம்.)

சரி, விட முடியாது, அப்ப எங்கேர்ந்து வருதுன்னு கேப்போம்னு ஆரம்பிச்சேன். எங்க சப்ளையர் ரிஃபைனரிகிட்ட கேட்டேன், இந்த எண்ணெய் எந்தத் தோட்டத்துலேர்ந்து வருதுன்னு. தோட்டம் தெரியாதுங்க, மில்லு (பழத்தை ஆட்டி எண்ணெய் எடுக்கற எடம்) லிஸ்ட் வேணா தரோம்னு சொன்னாங்க. அப்ப எனக்கு கோபம் வந்துச்சு, தட்டிக் கழிக்கறாங்கன்னு நெனச்சேன். அப்புறம்தான் மில்லுங்கறதுதான் முடிச்சுன்னு புரிஞ்சது.

செம்பனைக் குலை ஒண்ணு பத்து கிலோ, இருபது கிலோ, சிலது அதுக்கும் மேல இருக்கும், நீளக் கம்புல கட்டுன அரிவாளால வெட்டி இறக்குவாங்க. வெட்டுன நிமிஷத்துலேர்ந்து பழத்துக்குள்ள இருக்கற நொதி எண்ணெயை உடைக்க ஆரம்பிச்சுடும், புளிப்பு ஏறும், ஒரு நாளைக்கு மேல கிடந்தா தரம் போச்சு, விலையும் போச்சு. அதனால 24 மணி நேரத்துக்குள்ள பழம் மில்லுக்குப் போய் ஆவியில வெந்தாகணும். இந்த ஒரே காரணத்தாலதான் மில்லு எப்பவும் தோட்டத்துக்கு நடுவுலயே இருக்கும், ரோடு மோசமா இருக்கற ஊர்ல பழம் ரொம்ப தூரம் போகவே முடியாது, பொதுவா மில்லைச் சுத்தி ஒரு 50 கிலோமீட்டர்னு வெச்சுக்கறாங்க. அப்ப மில்லு எங்க இருக்குன்னு தெரிஞ்சா, மேப்ல ஒரு வட்டம் போட்டா, நம்ம எண்ணெய் எந்தக் காட்டுப் பக்கத்துல பொறந்துச்சுன்னு தெரிஞ்சுடும். கோடிக்கணக்கான மரம், லட்சக்கணக்கான விவசாயிங்க, ஆனா உலகம் பூரா மில்லு சுமார் ரெண்டாயிரம்தான், அதோட இடமெல்லாம் சேத்து யுனிவர்சல் மில் லிஸ்ட்னு பொதுவுல எல்லாரும் பாக்கற மாதிரி ஒரு பட்டியலே இருக்கு.

மில்லைத் தாண்டிட்டா அடையாளம் கரைஞ்சுடும். மில்லுலேர்ந்து கச்சா எண்ணெய் டேங்கர்ல ரிஃபைனரிக்குப் போகும், அங்க நூத்துக்கணக்கான மில்லோட எண்ணெய் ஒரே டேங்க்ல கலக்கும், சுத்தம் பண்ணி, நிறம் எடுத்து, வாசனை எடுத்து, அப்புறம் திரவமா நிக்கற ஓலீன் தனியா கெட்டியான ஸ்டியரின் தனியா பிரிப்பாங்க. பத்து வீட்டுப் பாலை ஒரே கேன்ல ஊத்துன பிறகு எந்தச் சொட்டு எந்த மாட்டுதுன்னு கேட்டா யார் சொல்ல முடியும்.

இங்கதான் ஆர்எஸ்பிஓ முறைகள் வருது. தோட்டக்காரங்க, மில்லு, உணவுக் கம்பெனி, கடைக்காரங்க, பேங்க், சுற்றுச்சூழல் அமைப்பு, மனித உரிமை அமைப்பு எல்லாரும் உக்காந்து 2004ல ஆரம்பிச்சது அது, 2008லேர்ந்து சான்று பெற்ற எண்ணெய் சந்தைக்கு வருது, இப்ப உலக உற்பத்தியில அஞ்சுல ஒரு பங்கு பக்கம் அதுக்குக் கீழ இருக்கு. ஆனா சான்று பெற்றதுன்னா ஒரே அர்த்தம் இல்ல. ஒரே மில்லு எண்ணெயைக் கடைசி வரைக்கும் தனியாவே கொண்டு வர்றது ஒண்ணு. சான்று பெற்ற பல மில்லு எண்ணெயைக் கலக்கலாம், ஆனா சாதாரண எண்ணெயோட கலக்கக் கூடாதுங்கறது இன்னொண்ணு, செக்ரிகேட்டட்னு சொல்வாங்க. மூணாவது மாஸ் பேலன்ஸ், இதுல எல்லாமே கலந்துக்கலாம், ரிஃபைனரி நூறு டன் சான்று எண்ணெய் வாங்கிச்சுன்னா நூறு டன் சான்று எண்ணெய்னு விக்கலாம், கணக்குல சரியா இருந்தா போதும், உங்க டிரம்ல இருக்கறது எதுன்னு யாருக்கும் தெரியாது. நாலாவது கிரெடிட், எண்ணெய் தனி, காசு தனி, நீங்க சாதாரண எண்ணெய் வாங்கிக்கிட்டு எங்கயோ இருக்கற சான்று பெற்ற தோட்டக்காரருக்கு அத்தனை டன்னுக்கான கிரெடிட்டை வாங்குவீங்க.

மாஸ் பேலன்ஸை ஏமாத்து வேலைன்னு சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க, நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தனி டேங்க், தனி பைப், தனி லாரின்னு செலவு பண்ண முடியாத சின்னக் கம்பெனிங்க தொடங்கறதுக்கு அது ஒரு வழி, காசு நல்லா வேலை செய்யற தோட்டத்துக்குத்தான் போகுது. ஆனா பாக்கெட்டுல எழுதறப்ப இந்த எண்ணெய் நல்ல தோட்டத்து எண்ணெய்னு படிக்கறவங்க நெனைக்கற மாதிரி எழுதக் கூடாது, அதை நாங்க இப்ப ரொம்ப கவனமாப் பாக்கறோம், எங்க மார்க்கெட்டிங் ஆளுங்களோட இதுக்காகவே ரெண்டு மூணு தடவை நல்லா சண்டை போட்டிருக்கேன்.

மில்லு லிஸ்ட் எக்செல்ல வந்துச்சு, பேரு, அட்சரேகை, தீர்க்கரேகை, தாய்க் கம்பெனி எல்லாம் போட்டு வரிசை வரிசையா. இந்த லிஸ்ட் கேட்டா கிடைக்குதுங்கறதே சும்மா வந்ததில்ல. 2010ல கிரீன்பீஸ்ங்கற சுற்றுச்சூழல் அமைப்பு கிட்கேட் சாக்லேட்டை வெச்சு நெஸ்லே மேல ஒரு பிரச்சாரம் பண்ணாங்க, அதுக்கப்புறம்தான் பெரிய உணவுக் கம்பெனிங்க காடழிப்பு வேணாம்னு கொள்கை எழுத ஆரம்பிச்சாங்க, 2013 டிசம்பர்ல உலக பாமாயில் வியாபாரத்துல ரொம்பப் பெரிய பங்கு வெச்சிருக்கற வில்மார் கம்பெனி, காடழிக்க மாட்டோம், பீட் நிலத்துல நட மாட்டோம், ஆளுங்களைச் சுரண்ட மாட்டோம்னு தங்களுக்கு விக்கறவங்க எல்லாருக்கும் சேத்து கொள்கை போட்டாங்க, மத்த வியாபாரிங்களும் பின்னாடியே வந்தாங்க. தொழில்ல இதை என்டிபிஇன்னு (நோ டிஃபாரஸ்டேஷன், நோ பீட், நோ எக்ஸ்ப்ளாய்டேஷன்) சொல்றோம்.

அந்த பீட் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும், ஏன்னா வாங்கறவங்க ஸ்பெக் ஷீட்ல அந்த வார்த்தையைப் பாத்துட்டு தாண்டிப் போயிடறாங்க. சுமத்ராவுலயும் போர்னியோவுலயும் கடலோரமா இருக்கற சதுப்புக் காட்டுல விழற மரம், இலை, வேர் எல்லாம் தண்ணிக்குள்ளயே கிடக்கறதால முழுசா மக்காது, ஆயிரக்கணக்கான வருஷமா அடுக்கடுக்கா சேந்து பல மீட்டர் ஆழத்துக்கு நிக்குது. அதுல செம்பனை நடணும்னா வாய்க்கால் வெட்டி தண்ணியை வடிக்கணும். தண்ணி இறங்குனா காத்து பட்டு அந்த மொத்தமும் கார்பன் டை ஆக்சைடா மாற ஆரம்பிக்கும், நிலமே வருஷத்துக்கு சில சென்டிமீட்டர்னு கீழ இறங்கும், வெயில் காலத்துல தீ புடிச்சா மண்ணுக்கு அடியிலயே வாரக்கணக்கா எரியும், மேல தண்ணி ஊத்தி அணைக்க முடியாது. 2015ல இந்தோனேசியாவுல சுமார் 26 லட்சம் ஹெக்டேர் எரிஞ்சது, நஷ்டம் 1600 கோடி டாலர்னு உலக வங்கி கணக்கு போட்டாங்க, எரிஞ்சது எல்லாமே செம்பனைக்காக இல்ல, காகிதக் கூழ் மரத்தோட்டமும் மத்ததும் உண்டு, ஆனா புகை பக்கத்து நாடு வரைக்கும் போய் பள்ளிக்கூடம் மூடுனாங்க, குழந்தைங்க மூச்சு விட முடியாம கஷ்டப்பட்டாங்க. ஆர்எஸ்பிஓ 2018 நவம்பர்ல விதியை மாத்தி, எத்தனை ஆழமா இருந்தாலும் பீட்ல புதுசா நடக் கூடாதுன்னு கொண்டு வந்தாங்க. லேட்டுதான், ஆனா வந்துச்சு. இந்தோனேசியாவுல செம்பனைக்காக காடழியறதும் 2010களோட ரெண்டாவது பாதியில நல்லாவே குறைஞ்சது, அரசாங்கத்தோட தடை, வாங்கறவங்க நெருக்கடி, எண்ணெய் விலை இறங்குனது எல்லாம் சேந்து. அதனால கேள்வி கேட்டு ஒண்ணும் ஆகாதுன்னு யாராச்சும் சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

லிஸ்ட்டுக்குத் திரும்ப வரேன். ஒவ்வொரு மில்லா மேப்ல போட்டுப் பாத்துட்டு இருந்தப்ப, சுமத்ராவோட ரியாவ் மாகாணத்துல ஒரு புள்ளி டெஸ்ஸோ நிலோ தேசியப் பூங்காவை ஒட்டி நின்னுச்சு. யானையும் புலியும் இருக்கற காடு அது, பாதுகாக்கப்பட்ட காடு, ஆனா உள்ள பாதிக்கு மேல வெட்டிப் போய் நிறைய இடத்துல செம்பனை நிக்குது. அந்த மில்லு பூங்காவுக்குள்ளேர்ந்து பழம் வாங்குதுன்னு என்கிட்ட ஆதாரம் எதுவும் இல்ல, ஆனா வட்டம் போட்டா பூங்கா உள்ள வருது. உடனே சப்ளையருக்கு மெயில் போட்டேன், இந்த மில்லை நிறுத்துங்க, இல்லாட்டி நாங்க வேற எடத்துல வாங்கிப்போம்னு, ரொம்ப கறாரா.

அவங்க பக்கத்துல இந்த விஷயம் பாக்கறவங்க ஒரு அம்மா, பல வருஷம் தோட்டம் தோட்டமா சுத்துனவங்க, ஃபோன்ல கூப்புட்டாங்க. "நிறுத்தறது எனக்கு ஒரு நாள் வேலைங்க, லிஸ்ட்லேர்ந்து ஒரு வரியை எடுத்துடுவேன், உங்க ஃபைல் சுத்தமாயிடும். ஆனா பழம் அழுகாது, நாளைக்கே வேற மில்லுக்குப் போகும், அங்க எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்க ஆளே இருக்காது. இந்த மில்லுல நாங்க கேட்டா பதிலாச்சும் வருது" அப்படின்னாங்க. அப்புறம் சொன்னாங்க, அந்த மில்லுக்கு வர்ற பழத்துல பெரிய பங்கு ரெண்டு ஹெக்டேர், மூணு ஹெக்டேர் வெச்சிருக்கற சின்ன விவசாயிங்களோடது, அவங்க நேரா கொண்டு வர்றதில்ல, ஊர் ஏஜென்ட் லாரி வெச்சு எல்லார்கிட்டயும் வாங்கி மொத்தமா கொண்டு வந்து கொட்டுவாரு, பூங்காவுக்குள்ள வெட்டுன குலையும் ஊர்ல வெட்டுன குலையும் ஒரே லாரியில வரும், ஏஜென்ட் எழுதி வெக்காத வரைக்கும் மில்லுக்கே தெரியாதுன்னு.

நான் அன்னிக்குப் பேச்சில்லாம உக்காந்திருந்தேன். அதுவரைக்கும் என் மனசுல செம்பனைன்னா பெரிய கம்பெனி, புல்டோசர், அவ்வளவுதான். உலகத்துல செம்பனை நிலத்துல கிட்டத்தட்ட நாப்பது சதவீதம் சின்ன விவசாயிங்க கையில இருக்கு, அவங்க பிள்ளைங்க படிப்பு அதுலதான் நடக்குது.

அவங்களோட உண்மையான பிரச்சனை என்னன்னு தேடிப் படிச்சா மனசு கனத்துப் போகும். உதாரணத்துக்கு நாத்து. நல்ல விளைச்சல் குடுக்கறது டெனராங்கற ரகம், ஓடு மெல்லிசா இருக்கும், சதை நிறைய. அது தடிச்ச ஓடு உள்ள டூராவையும் ஓடே இல்லாத பிசிஃபெராவையும் சேத்து ஒட்டுப் போட்டு எடுக்கறது, ஒவ்வொரு தடவையும் விதைத் தோட்டத்துலேர்ந்து காசு குடுத்து வாங்கணும். காசில்லாதவர் பக்கத்துத் தோட்டத்து டெனரா மரத்தடியில விழுந்த விதையை எடுத்து முளைக்கப் போடுவாரு, இல்லாட்டி அப்படி எடுத்த விதையை நல்ல நாத்துன்னு எவனோ விப்பான், அதை வாங்கிடுவாரு. அதுல நாலுல ஒண்ணு டூராவா போகும், இன்னொண்ணு காயே சரியா பிடிக்காத பிசிஃபெராவா போகும். இது மூணு வருஷம் கழிச்சு மரம் காய்க்கறப்பதான் தெரியும். தோட்டத்துல மரத்தை வெச்சிருக்கறது சுமார் 25 வருஷம், தெரிஞ்ச பிறகு வெட்டவும் மனசு வராது, வெட்டி மறுபடி நட்டா இன்னும் மூணு வருஷம் வருமானம் கிடையாது. இருக்கற நிலத்துல விளைச்சல் வரலன்னா அந்த மனுஷன் பக்கத்துக் காட்டைப் பாக்காம என்ன செய்வாரு. நல்ல நாத்து, உரம், நிலத்துக்கு பட்டா, மறுநடவுக்கு கடன், இந்த நாலும் கிடைச்சா அதே ரெண்டு ஹெக்டேர்ல இன்னும் நிறைய எண்ணெய் எடுக்க முடியும்.

அதனாலதான் ஐரோப்பிய யூனியன் 2023ல கொண்டு வந்த காடழிப்புச் சட்டத்தைப் பத்தி எனக்கு ரெண்டு மனசு. 2020 டிசம்பர் 31க்கு அப்புறம் காடழிச்ச நிலத்துல விளைஞ்ச சரக்கு உள்ள வரக் கூடாது, ஒவ்வொரு நிலத்தோட இடமும் மேப்ல குறிச்சுக் காட்டணும்னு சொல்லுது. நோக்கம் சரி, கேள்வி மில்லைத் தாண்டி நிலம் வரைக்கும் போகுது, அது நான் ஆசைப்பட்டதுதான். ஆனா ஜிபிஎஸ் எடுத்து பேப்பர் தயார் பண்ணித் தர ஆள் இல்லாத சின்ன விவசாயியை மில்லு என்ன பண்ணும், சுலபமா வெளிய தள்ளும், அவர் பழத்தை கேள்வி கேக்காத சந்தைக்குத்தான் விப்பாரு. பாமாயில் நிறைய வாங்கற இந்தியா, சீனா மாதிரி நாட்டுல இப்படி ஒரு சட்டம் இல்ல. அமலுக்கு வர்ற தேதியும் தள்ளிப் போச்சு, அந்த நேரத்தை வாங்கற கம்பெனிங்க விவசாயிங்க நிலத்தை அளக்கறதுக்கு காசு போட்டு உபயோகப்படுத்தியிருக்கணும், நிறைய பேர் அப்பாடான்னு உக்காந்துட்டாங்க, இது எனக்கு நிஜமாவே வருத்தம்.

ஆளுங்க விஷயம் தனியா ஒரு பதிவே எழுதணும். ஆம்னஸ்டிங்கற மனித உரிமை அமைப்பு 2016ல வெளியிட்ட விசாரணையில, குறிச்ச அளவு குலை வெட்ட முடியாம வீட்டுப் பொம்பளைங்களையும் பிள்ளைங்களையும் கூட்டிட்டு வந்து சம்பளமில்லாம வேலை செய்ய வெக்கற நிலைமை இருந்ததைக் காட்டுனாங்க, அவங்க பாத்த அஞ்சு தோட்டக் கம்பெனியில மூணு ஆர்எஸ்பிஓ சான்று பெற்ற எண்ணெய் எடுக்கறவை. 2020ல கட்டாய வேலைக் குற்றச்சாட்டால மலேசியாவோட ரெண்டு பெரிய கம்பெனி பாமாயிலை அமெரிக்க சுங்கத்துறை உள்ள விடாம நிறுத்துச்சு. பாஸ்போர்ட்டைப் பிடிச்சு வெக்கறது, வேலைக்கு வர்றதுக்கே கடன் வாங்க வெக்கறது, இதெல்லாம் சேட்டிலைட் படத்துல தெரியாது. காடு வெட்டுனா ஆகாசத்துலேர்ந்து பாக்கலாம், ஒரு மனுஷனோட பாஸ்போர்ட் யார் பீரோவுல இருக்குன்னு ஒருத்தர் நேர்ல போய் கேட்டாத்தான் தெரியும்.

இப்ப நாங்க என்ன பண்றோம்னா, முக்கிய எண்ணெய் எல்லாம் செக்ரிகேட்டட்க்கு மாறியாச்சு, ஒரே வருஷத்துல இல்ல, முதல்ல மாஸ் பேலன்ஸ், அப்புறம் ஒவ்வொரு பிராடக்டா. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மில்லு லிஸ்ட் வாங்கறோம், புதுசா சேந்தது என்ன, எடுத்தது என்ன, ஏன் எடுத்தாங்கன்னு கேக்கறோம். எடுத்ததைப் பத்தி கேக்கறது முக்கியம், ஏன்னா பிரச்சனை மில்லு எல்லாம் சத்தமில்லாம காணாமப் போயிடும். அந்த ரியாவ் மில்லு இன்னும் லிஸ்ட்ல இருக்கு, ஏஜென்ட்டுங்க யார்கிட்ட வாங்கறாங்கன்னு எழுதி வெக்க ஆரம்பிச்சிருக்காங்க, எல்லா ஏஜென்ட்டும் இல்ல. சின்ன விவசாயிங்க குழுவா சேந்து சான்று வாங்கறதுக்கு ஆர்எஸ்பிஓவுல 2019லேர்ந்து தனி விதிமுறை இருக்கு, அவங்க விக்கற கிரெடிட்டை நாங்க கொஞ்சம் வாங்கறோம். கிரெடிட்னாலே மட்டம்னு ஆரம்பத்துல நெனச்சேன், இப்ப அந்தக் காசு நேரா விவசாயிங்க குழுவுக்குப் போறதால அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச செலவு.

இன்னும் தீராதது எமல்சிஃபையர். எங்க கேக்ல சேக்கற இ471, பாக்கெட்டுல பாமாயில்னு பேரே இருக்காது, ஆனா நிறைய நேரம் செம்பனையிலேர்ந்து வந்த கொழுப்புதான். சாக்லேட் மாதிரி மேல பூசறதுக்கு வாங்கற கொழுப்பு பழத்துச் சதையிலேர்ந்து இல்ல, கொட்டைக்குள்ள இருக்கற பருப்புலேர்ந்து ஆட்டுனது, மில்லுல சதையை ஆட்டுன பிறகு பருப்பை மட்டும் வேற ஆளுக்கு விப்பாங்க, அவர் பல மில்லு பருப்பைச் சேத்து ஆட்டுவாரு, அப்ப மில்லுக்கு நடுவுல இன்னொரு கை வந்துடுது, தடம் அங்க அறுந்து போகுது. போன வாரம் எமல்சிஃபையர் சப்ளையருக்கு மறுபடி எழுதியிருக்கேன், இது நாலாவது மெயில். முதல் மூணுக்கும் வந்த பதில்ல ஒரு சர்டிஃபிகேட்தான் இருந்துச்சு. இந்தத் தடவை மில்லு லிஸ்ட்டும் பருப்பு ஆட்டற எடத்தோட பேரும் வேணும், இன்வாய்ஸ்ல எந்த முறைன்னு எழுதி வரணும்னு ஒரே பாராவுல கேட்டிருக்கேன், வந்ததும் மேப்ல போடணும்.